பேகி ஜீன்ஸ் உடம்பில் சரியாக நிற்கவில்லையா? கோளாறு வாரியாகப் பார்ப்போம்

ஆறேழு வருஷத்துக்கு முன்பு வரை என் கடைக்கு வந்த ஜீன்ஸில் முக்கால்வாசி ஒரே வேலைக்குத்தான் வரும். "மாஸ்டர், பாட்டத்தைக் குறைங்க." பாதம் நுழையுமா என்று கவலைப்பட்டு நான் அரை இன்ச் விட்டுத் தைத்தால், மறுநாள் வந்து அந்த அரை இன்ச்சையும் எடுக்கச் சொல்வார்கள். இப்போது அதே வயதுப் பிள்ளைகள் கீழ் விளிம்பின் சுற்றளவு, அதாவது பாட்டம், 20 இன்ச் வைத்த பேகி ஜீன்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தொண்ணூறுகளில் நான் காஜா பையனாக இருந்தபோது கடையில் தைத்த அதே வெட்டு. புகார் மட்டும் வேறு: "போட்டா நல்லாவே இல்ல மாஸ்டர், என்னன்னு தெரியல."

என் கடை திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. சுற்றிலும் கல்லூரிகள். அதனால் இந்தப் புகாரைத் தினமும் நாலு பேரிடமாவது கேட்கிறேன். நான் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் தினமும் அதேதான். அவற்றைக் கோளாறு வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். செலவில்லாத வழி முதலில், பணம் பிடிக்கும் வழி கடைசியில். கூலி என்று நான் சொல்வது என் கடைக் கூலி. சென்னையில் கூடுதலாக இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஜீன்ஸில் இடுப்பு, நீளம், முட்டிக்குக் கீழே அகலம் இந்த மூன்றையும் குறைக்கலாம். ரைஸ் (கவட்டையிலிருந்து பட்டி வரை உயரம்), சீட் (பின்பக்கத்தைச் சுற்றிய அளவு), தொடை இந்த மூன்றும் பெரும்பாலும் வாங்கும்போது எப்படியோ அப்படியேதான். ஃபார்மல் பேண்டில் பின் தையலுக்குள் ஒன்றரை இன்ச் துணி மடித்து விட்டிருப்பார்கள். வயிறு போட்டால் பிரித்து விடலாம். ஜீன்ஸில் இரண்டு துணியையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள், உள்ளே விட்டுவைத்த துணி என்று எதுவும் இருக்காது. அதனால் "கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க" என்று ஜீன்ஸை நீட்டினால், நல்ல டெய்லர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

முதலில் டேப்பை எடுங்கள்

வீட்டில் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் ஒரு பேண்டை, ஃபார்மலாக இருந்தாலும் பரவாயில்லை, பட்டன் போட்டுத் தரையில் விரியுங்கள். சுருக்கம் இல்லாமல் தடவி விட்டு ஐந்து அளவு எடுங்கள். இடுப்புப் பட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அதை இரண்டால் பெருக்குங்கள். கவட்டையில் நான்கு தையல் சேரும் முடிச்சிலிருந்து பட்டியின் மேல் விளிம்பு வரை முன்பக்கம் அளந்தால் அது முன் ரைஸ். அந்த முடிச்சுக்கு ஒரு இன்ச் கீழே குறுக்காகத் தொடை. முடிச்சிலிருந்து கீழ் விளிம்பு வரை உள்கால். கடைசியாக பாட்டம், கீழ் விளிம்பின் குறுக்களவை இரண்டால் பெருக்குங்கள். போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அட்டவணையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கம்பெனிகள் உடம்பு அளவைப் போடும், சில துணியின் அளவைப் போடும். தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இரண்டு இன்ச் தப்பும். திருப்பி அனுப்பும் கதையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோளாறு 1: இடுப்பு பிடிக்கிறது, பின்பக்கம் மட்டும் பிளந்து நிற்கிறது

உட்கார்ந்தால் பின்னால் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. பெண்களிடமிருந்து வரும் முதல் புகார் இதுதான். ஆண்களிலும் தொடை பருத்து இடை சிறுத்தவர்களுக்கு வரும்.

*செலவில்லாத காரணம்: போடும் இடம் தப்பு.* இரண்டாயிரத்துக்குப் பின் வந்த லோ வெயிஸ்ட் பழக்கத்தில் எல்லோரும் பேண்டை இடுப்பெலும்பில் நிறுத்துகிறார்கள். தொண்ணூறுகளின் வெட்டு தொப்புளுக்கு ஓரிரண்டு இன்ச் கீழே நிற்க வேண்டியது. போன மாதம் ஒரு கல்லூரிப் பெண், பட்டி மேலே ஏறி நிற்கும் மாம் ஃபிட் ஜீன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "பின்னாடி மூணு இன்ச் எடுத்துடுங்கண்ணா" என்றாள். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். பட்டி இடுப்பெலும்பில் கிடந்தது. "மேல இழும்மா, இன்னும் மேல" என்றேன். "இவ்வளவு மேலயாண்ணா?" என்று தயங்கித் தயங்கி இழுத்தாள். மூன்று இன்ச் இடைவெளி ஒரு இன்ச் ஆனது. அந்த ஒரு இன்ச்சை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

*சோதனை:* பட்டியைத் தொப்புளுக்குக் கிட்டே இழுத்து நிறுத்தி, நாற்காலியில் உட்காருங்கள். பின்னால் இரண்டு விரல் நுழைந்தால் அது சரியான அளவு, விட்டுவிடுங்கள். நான்கு விரல் நுழைந்தால் பெல்ட் போட்டுப் பாருங்கள். பெல்ட் போட்டதும் பட்டி சுருங்கி முறுக்கு மாதிரி மடிந்தால் டெய்லரிடம் போக வேண்டியதுதான்.

*டெய்லர் செய்வது:* பின் நடு பெல்ட் லூப்பைப் பிரித்து, பட்டியைப் பிரித்து, பின் தையலை உள்ளே தள்ளி எடுப்பது. ஒன்றரை இன்ச் வரை தாராளமாக எடுக்கலாம். என் கூலி 180 ரூபாய். இரண்டு இன்ச்சைத் தாண்டினால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். அதற்கு மேல் எடுக்கச் சொல்கிறவர்களை நான் ஒரு சைஸ் குறைத்து வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

பட்டிக்குள் எலாஸ்டிக் வைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வளரும் பிள்ளைக்குச் சரி. பெரியவர்களுக்கு டக் இன் செய்தால் பின்னால் பாவாடைச் சுருக்கம் தெரியும்.

கோளாறு 2: அப்பாவின் 32 ஏறவில்லை, கடையில் வாங்கிய 32 கழன்று விழுகிறது

பீரோவில் கிடந்த அப்பாவின் பழைய ஜீன்ஸை எடுத்து வரும் பையன்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான், அந்தத் துணி இன்னும் இருபது வருஷம் உழைக்கும். ஆனால் இரண்டிலும் 32 என்று எழுதியிருக்கிறது, ஒன்று ஏறவில்லை, ஒன்று நிற்கவில்லை என்று குழம்பிப் போவார்கள்.

குழப்பமே வேண்டாம். லேபிளில் இருக்கும் எண்ணும் டேப்பில் வரும் எண்ணும் வேறு வேறு. இன்றைக்கு 32 என்று ஒட்டிய ஜீன்ஸை நான் அளந்தால் பெரும்பாலும் 33½, 34 வருகிறது. வாங்குகிறவர் மனம் குளிர வேண்டும் என்று கம்பெனிகள் எண்ணைக் குறைத்துப் போடுகின்றன. பழைய 32 பெரும்பாலும் 32 ஆகவே இருந்தது. போதாக்குறைக்கு, துவைத்துத் துவைத்துச் சுருங்கியும் இருக்கும்.

பட்டன் போட முடியவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

இப்போதுதான் துவைத்ததா? முழுப் பருத்தி ஜீன்ஸ் துவைத்ததும் பிடிக்கும், அரை மணி நேரம் போட்டு நடந்தால் இளகும். லேசான ஈரத்தோடு போட்டு நாலு முறை குந்தி எழுந்தால் இடுப்பில் அரை இன்ச்சாவது கிடைக்கும்.

அப்படியும் அரை இன்ச் பற்றவில்லையா? பட்டனை நகர்த்தலாம். ஜீன்ஸ் பட்டன் தைக்கிற பட்டன் இல்லை, பின்னாலிருந்து ஆணி அடித்தது. குறட்டால் பிடுங்கினால் துணி கிழியும். கடைக்குக் கொண்டுபோங்கள், 40 ரூபாய் வேலை.

ஒரு இன்ச்சுக்கு மேல் பற்றவில்லையா? இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, பட்டியிலிருந்து தொடை வரை முக்கோணத் துண்டு வைக்கலாம். அதே நிறத் துணி கிடைக்காது. வேறு நிறத்தில் வைத்தால் அதுவே ஒரு ஸ்டைல் என்று இப்போது பையன்கள் கேட்டே வைக்கிறார்கள். 350 ரூபாய்க்குக் குறையாமல் ஆகும். அப்பா பேண்டுக்கு மட்டும் இதைச் செய்வேன். கடையில் வாங்கியதாக இருந்தால் மாற்றிக்கொண்டு வரச் சொல்வேன்.

கோளாறு 3: முன்பக்கம் கோடு கோடாக இழுக்கிறது

கண்ணாடி முன் நின்று கோடுகளைப் படியுங்கள். எங்கே துணி பற்றவில்லையோ அந்த இடத்திலிருந்துதான் கோடு கிளம்பும்.

*ஜிப்புக்குக் குறுக்கே படுக்கைக் கோடு, பக்கவாட்டு பாக்கெட்டின் வாய் திறந்து நிற்கிறது:* சீட் சுற்றளவு பற்றவில்லை. இடுப்பில் பட்டன் போட முடிகிறதே என்று ஏமாந்து வாங்கியது. இதற்கு ஆல்ட்ரேஷன் கிடையாது. ஒரு சைஸ் மேலே வாங்கி, முதல் கோளாறில் சொன்ன மாதிரி இடுப்பைப் பின்னால் எடுத்துக்கொள்ளுங்கள். பேகி வாங்குகிற யாருக்கும் நான் சொல்கிற வழி இதுதான்: சீட்டுக்கும் தொடைக்கும் பார்த்து வாங்குங்கள், இடுப்பை என்னிடம் விடுங்கள்.

*கவட்டையிலிருந்து இரண்டு தொடைக்கும் விசிறி மாதிரி கோடு:* தொடை இறுக்கம், அல்லது முன் ரைஸ் குட்டை. எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பட்டியை ஒரு இன்ச் கீழே இறக்குங்கள். கோடு மறைந்தால் ரைஸ் குட்டை. மறையாவிட்டால் தொடை இறுக்கம். 'நைன்டீஸ் ஃபிட்' என்று அட்டை மாட்டி முன் ரைஸ் 9 இன்ச்தான் வைத்திருக்கிறார்கள் சிலர். கால் மட்டும் அகலம், மேலே பழைய லோ வெயிஸ்ட் வெட்டு. அதைத் தொப்புளுக்கு இழுத்தால் கவட்டை கதறும். வாங்கும் முன் முன் ரைஸை அளந்து 10½, 11 இன்ச்சாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயரமானவர்களுக்கு இன்னும் அரை இன்ச், ஒரு இன்ச் கூட வேண்டும்.

*பின்னால் சீட்டுக்குக் கீழே சாய்ந்த கோடு, உட்கார்ந்தால் பட்டி இரண்டு இன்ச் கீழே இறங்குகிறது:* பின் ரைஸ் பற்றவில்லை. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. முன்னால் குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்ததும் முதுகு தெரியும். கடையின் டிரையல் ரூமில் நின்று பார்த்தால் இது கண்ணில் படாது. குந்திப் பாருங்கள், பைக்கில் உட்காருவது மாதிரி குனிந்து பாருங்கள். வெளியே நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காதீர்கள்.

*நெட்டுவாக்கில் தொளதொள என்று மடிப்பு:* துணி கூடுதல். பேகியில் அது கோளாறே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

ரைஸ் குட்டைக்கு டெய்லர் செய்யக்கூடியது இரண்டுதான். ஒன்று, கவட்டை வளைவை அரை இன்ச் கீழே இறக்கி வெட்டித் தைப்பது. அதனால் ரைஸில் கிடைப்பதைத் தொடையில் இழப்பீர்கள். தொடை தாராளமாக இருந்தால் மட்டும் செய்யலாம். இன்னொன்று, கவட்டையில் டைமண்ட் வடிவத் துண்டு வைப்பது. அதற்கு அதே துணி வேண்டும். ஆகவே பாட்டத்தில் வெட்டிய துண்டுத் துணியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், கேட்டு வாங்கி பீரோவில் போடுங்கள். கவட்டை வேலையை எல்லா ஆல்ட்ரேஷன் கடையிலும் கொடுக்கக் கூடாது. நான்கு மடிப்புத் துணி சேரும் இடம், வீட்டுத் தையல் மெஷினில் ஊசி உடைந்துகொண்டே இருக்கும். "18 நம்பர் ஊசி இருக்கா, ஜீன்ஸ் நூல் இருக்கா?" என்று கேளுங்கள். சட்டை நூலில் தைத்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது படக்கென்று விடும்.

கோளாறு 4: பின்னால் பை மாதிரி தொங்குகிறது

ஒரே ஒரு கேள்வி: காலையிலேயே தொங்குகிறதா, சாயங்காலம்தானா?

சாயங்காலம்தான் என்றால் கோளாறு துணியில். உள்ளே லேபிளைப் பாருங்கள், இரண்டு மூன்று சதவீதம் எலாஸ்டேன் என்று இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்ததில் அந்த இழை இழுபட்டு, திரும்பிச் சுருங்கவில்லை. துவைத்தால் சரியாகும். துவைத்தும் சரியாகவில்லை என்றால் இழை செத்துவிட்டது. வெந்நீர், டிரையர், சூடான அயர்ன் மூன்றும் அதைக் கொல்லும். செத்த இழைக்கு வைத்தியம் இல்லை. என்னிடம் கொண்டுவந்து பிடித்துத் தைத்தாலும் அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் தொங்கும்.

காலையிலேயே என்றால் பட்டியை மேலே இழுத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே முடிந்துவிடும். மேலே இழுத்தும் தொங்கினால் சீட் பெரிசு. பின் தையலையும் உள்கால் தையலின் மேல் பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், 250 ரூபாய். சிலருக்கு அளவு எல்லாம் சரியாக இருந்தும் பின்பக்கம் சப்பையாகத் தெரியும். பெரும்பாலும் பாக்கெட் கீழே இறங்கி, தொடையைத் தொட்டுக்கொண்டு இருக்கும். பாக்கெட்டைப் பிரித்து ஒரு இன்ச் மேலே தைக்கலாம்தான், ஆனால் பழைய இடத்தில் கருநீலத் தடம் விழுந்திருக்கும். நன்றாகச் சாயம் போன ஜீன்ஸில் இதைச் செய்யவே கூடாது. வாங்கும்போதே பின்பக்கத்தை யாரையாவது போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கோளாறு 5: பக்கத் தையல் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது

நடக்க நடக்கக் கால் முறுக்கிக்கொள்ளும். டெனிம் சாய்வு நெசவு, துவைக்கும்போது சாய்வு பக்கமாகத் திருகும். பழைய ஜீன்ஸில் இது சகஜம், முறுக்கிய கால்தான் அழகு என்று தேடி வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். புதுத் துணியில் மில்லிலேயே அதற்குத் தகுந்தபடி சாய்த்து இழுத்து அனுப்புவார்கள். அதனால் புது ஜீன்ஸ் முதல் துவைப்பிலேயே முறுக்கினால், மில்லில் சரியாக இழுக்கவில்லை, அல்லது துணியை நேர் பார்க்காமல் வெட்டியிருக்கிறார்கள். மெஷினிலும் அயர்னிலும் இது தீராது. பில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கோளாறு 6: தரையைக் கூட்டுகிறது, அல்லது வெட்டிய பிறகு குட்டையாகிவிட்டது

அதிகம் பேர் துணியைப் பாழாக்குவது இங்கேதான். பழைய ஸ்கின்னி ஜீன்ஸைக் கொண்டுவந்து, "இந்த நீளத்துக்கு வெட்டுங்க" என்பார்கள். அது நடக்காது. பாட்டம் 12 இன்ச்சாக இருந்தால் கணுக்காலில் முட்டி நின்று, மிச்சத் துணி அடுக்கடுக்காக மடிந்து உட்காரும். 20 இன்ச் பாட்டம் எங்கேயும் நிற்காது, செருப்பையும் மூடிக்கொண்டு நேராகத் தரைக்குப் போகும். ஸ்கின்னியில் 32 உள்கால் போட்டவருக்கு பேகியில் 30, 30½ போதும்.

வரிசை இப்படி. முதலில் இரண்டு முறை துவைத்துக் காயப்போடுங்கள். முழுப் பருத்தியாக இருந்தால் நீளத்தில் அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச் வரை போகலாம். 'சான்ஃபரைஸ்டு', அதாவது மில்லிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணி இல்லை என்றால் இன்னும் அதிகம் போகும். அடுத்து, தினமும் எதைக் காலில் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டியை அதன் இடத்தில் நிறுத்துங்கள். குனியாமல் நேராகப் பாருங்கள், பின் குதிகாலில் துணி தரைக்கு அரை இன்ச் மேலே இருக்கும்படி வேறு ஒருவரைக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து குத்தினால் ஒரு இன்ச் தப்பும்.

ஷூவுக்கு ஒரு நீளம், ரப்பர் செருப்புக்கு ஒரு நீளம், இரண்டுக்கும் பொதுவாக வெட்டச் சொல்லாதீர்கள். சத்திரத்தில் ஒரு மழை பெய்தால் போதும், தரையைக் கூட்டும் பாட்டம் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி முட்டி வரை ஏற்றிவிடும்.

சாதாரணமாக மடித்துத் தைக்க 60 ரூபாய். கம்பெனி விளிம்பின் வெளுத்த ஓரம் அப்படியே வேண்டும் என்றால் 'ஒரிஜினல் பாட்டம்' என்று கேளுங்கள், விளிம்பை வெட்டி எடுத்து மேலே ஒட்டித் தைப்போம், 130 ரூபாய். ஒரே அகலமாக நேராக இறங்கும் வெட்டில் விளிம்பைக் காப்பாற்றச் சொன்னால் சிக்கல் இல்லை. கீழ்நோக்கிக் குறுகும் வெட்டாக இருந்தால் விளிம்பின் சுற்றளவும் வெட்டிய இடத்தின் சுற்றளவும் பொருந்தாது. அப்போது டெய்லர் மறுத்தால் சண்டை போடாதீர்கள்.

வாங்கிய புதிதில் பாட்டத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். சில ஜீன்ஸில் அது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் அரிசி மூட்டை வாய் மாதிரி சரசரவென்று முழுச் சுற்றும் பிரிந்துவிடும். அரை இன்ச் விட்டு வெட்டி, நெருப்பில் காட்டாமல், ஊசியால் உள்ளே முடிச்சுப் போடுங்கள்.

கோளாறு 7: கவட்டையில் தேய்ந்து கிழிகிறது

ஜீன்ஸ் சாகும் இடம் முட்டி இல்லை, கவட்டைதான். 1873இல் லெவி ஸ்ட்ராஸும் டெய்லர் ஜேக்கப் டேவிஸும் ரிவிட்டுக்கு (துணி கிழியாமல் இருக்க அடிக்கும் உலோக ஆணி) காப்புரிமை வாங்கியபோது பாக்கெட் முனையைக் காப்பாற்றுவதுதான் யோசனை. கவட்டையிலும் ஒரு ரிவிட் வைத்துத்தான் பல வருஷம் விற்றார்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுத்துவிட்டார்கள். நெருப்புப் பக்கத்தில் குந்தினால் அது சூடேறி எங்கே சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

*சோதனை:* மாதம் ஒரு முறை ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி, கவட்டையை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள்.

வெளிச்சம் வரவில்லை, வெளுப்பு மட்டும் தெரிகிறது: பட்டி கீழே இறங்கி, துணி இரண்டு தொடைக்கும் நடுவில் கசங்குகிறது. மேலே இழுத்துப் போடுங்கள். வியர்வை உப்பும் துணியை அரிக்கும். ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது என்று இணையத்தில் சொல்கிறவர்கள் குளிர் நாட்டில் இருக்கிறார்கள். மே மாதத் திருச்சியில் நாலு முறை போட்டால் துவைத்துவிடுங்கள்.

நீல நூல் போய், குறுக்கே வெள்ளை நூல் மட்டும் கம்பி கம்பியாகத் தெரிகிறது: இன்றைக்கே கொண்டுவாருங்கள். உள்ளே ஒரு மெல்லிய துணி வைத்து, மேலே முன்னும் பின்னுமாக ஓட்டி டார்னிங் போட்டால் 100 ரூபாயில் இன்னும் இரண்டு வருஷம் ஓடும்.

ஓட்டை விழுந்துவிட்டது: 200 ரூபாய், தையல் வெளியே தெரியும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கவட்டையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

டார்னிங் போட்ட இடத்துக்கு ஓரத்தில் மறுபடி கிழிந்தால் சுற்றியுள்ள துணியும் நைந்துவிட்டது. மூன்றாவது முறை வருகிறவர்களிடம் நான் கூலி வாங்குவதில்லை, பை தைத்துத் தரவா என்று கேட்பேன்.

கோளாறு 8: ஜிப் தானாக இறங்குகிறது

ஜிப் பல்லில் மெழுகுவர்த்தி தேயுங்கள், சிக்கினால் சரியாகும். சிக்கவில்லை, இறங்குகிறது என்றால் ரன்னர் வாய் விரிந்துவிட்டது. சின்ன குறட்டால் இரண்டு ஓரத்தையும் லேசாக அழுத்துங்கள். அப்படியும் இறங்கினால் ரன்னர் மட்டும் மாற்ற 30 ரூபாய், பல் உடைந்திருந்தால் முழு ஜிப் 120. ஜிப்புக்குப் பதில் பட்டன் வைத்த லெவிஸ் 501 மாதிரி ஜீன்ஸில் இந்தத் தொல்லையே இல்லை, அவசரத்துக்குத்தான் ஆபத்து.

கோளாறு 9: அளவெல்லாம் சரி, ஆனாலும் சாக்கு மாட்டின மாதிரி இருக்கிறது

இந்தப் புகாரோடு வருகிறவர்களிடம் டேப்பை எடுக்க மாட்டேன். முதலில் சட்டையைப் பார்ப்பேன். தொடை வரை தொங்கும் ஓவர்சைஸ் டீ ஷர்ட்டுக்குக் கீழே பேகி போட்டால் கால் குட்டையாகத்தான் தெரியும். டீ ஷர்ட்டின் முன்பக்கத்தை மட்டும் பட்டிக்குள் செருகச் சொல்வேன். பத்தில் மூன்று பேர் அதிலேயே சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்தது ஷூ. மெல்லிய அடியுள்ள ஷூவை அகலமான பாட்டம் விழுங்கிவிடும், பருமனான அடி வேண்டும்.

இரண்டும் சரி என்றால் துணி. தொடைப் பகுதியைக் குறுக்கே இரண்டு கையாலும் இழுங்கள். ரப்பர் மாதிரி வந்தால் அது ஸ்கின்னிக்கு நெய்த துணி, அதில் பேகி வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் காலை மடித்து மேசை மேல் நிறுத்திப் பாருங்கள். டெனிமின் கனத்தை ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 13, 14 அவுன்ஸ் டெனிம் கொஞ்சமாவது நிற்கும், 9 அவுன்ஸ் துணி ஈரத் துண்டு மாதிரி சரியும். அந்தக் காலத்துப் பேகிக்கு உருவம் கொடுத்தது அந்தக் கனம்தான். நம் வெயிலுக்கு 14 அவுன்ஸ் வேண்டாம் என்றால் 11, 12 அவுன்ஸில் முழுப் பருத்தியாகப் பாருங்கள். பெல்லாரியில் தைத்து நம் ஊர்க் கடைகளுக்கு வரும் விலை குறைந்த ஜீன்ஸிலும் இப்படித் துணி கிடைக்கிறது. பிராண்டைப் பார்க்காமல் கையில் பிடித்துப் பார்த்து எடுக்க வேண்டும்.

அதுவும் சரியாக இருந்து மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், உங்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். 1995இல் அரவிந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒரு பொட்டலம் விட்டது. ஜீன்ஸ் துணி, ஜிப், பட்டன், ரிவிட் எல்லாம் ஒரே பையில், 195 ரூபாய். வாங்கி வந்து தெரிந்த டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பைகள் எங்கள் மாஸ்டர் கடையில் குவிந்தன. கவட்டையிலும் லூப்பிலும் மெஷின் ஏறாது. துணி சேரும் முடிச்சைப் படிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிக் கொடுப்பது என் வேலை. ஒரு பேண்டுக்கு இரண்டு ஊசியாவது உடையும். மாஸ்டர் என்னைத்தான் திட்டுவார். ஆனால் போட்டுக்கொண்டு போன ஒருவர்கூட ரைஸ் குட்டை, பின்னால் பிளக்கிறது என்று திரும்பி வரவில்லை. மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் சீட் அளவெடுத்து, உட்காரச் சொல்லிப் பார்த்து வெட்டினார்.

இப்போதும் மீட்டர் கணக்கில் டெனிம் கிடைக்கிறது. ஒரு பேகிக்கு அகலத்துணியில் ஒன்றரை மீட்டர் வேண்டும், உயரமானவருக்குக் கொஞ்சம் கூட. என் தையல் கூலி 700 ரூபாய். வெட்டும் முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும், அது உங்கள் வேலை.

கடைக்கு வரும்போது

துவைத்துக் கொண்டுவாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், கவட்டையை மூக்குக்கு ஒரு அடி தூரத்தில் வைத்துத் தைக்கிறவன் நான். நீங்கள் தினமும் போடும் செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும், பெல்ட் போடுகிறவர் பெல்ட்டோடு வாருங்கள். சௌகரியமான அந்தப் பழைய பேண்டையும் கையில் எடுத்து வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பள்ளி யூனிஃபார்ம் கூட்டம் இருக்கும். காலை பதினொரு மணி என்றால் உட்காரச் சொல்லி நிதானமாகப் பார்ப்பேன்.